அம்மாவை யார் நிறுத்துப் பார்ப்பது?



புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கடலூர் முதுநகரோ, புவனகிரியோ, கிள்ளையோ, எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனாலும் அன்றைக்கு வாசலில் செருப்புக் கூட்டம், உள்ளே குழந்தைகளின் அழுகை. ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் தராசில் கிடத்தி எடை பார்ப்பார்கள். நாலு கிலோ இருநூறு என்று செவிலியர் சொன்னதும் பாட்டி முகத்தில் பெருமை பூத்துவிடும். போன தடவையைவிடக் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்றால், அதே பாட்டி மருமகளை ஒரு பார்வை பார்ப்பார். அட்டையில் பிள்ளையின் எடை ஏறும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவளின் எடையை யாரும் கேட்பதில்லை. பெரியவர்கள் ஏறி நிற்கும் எடைக் கருவி அதே அறையின் மூலையில் சும்மா கிடக்கும்.

வயிற்றில் பிள்ளை இருந்தவரை இப்படி இல்லை. மாதாமாதம் எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். அரசாங்கமே ஊர்கூட்டி சமுதாய வளைகாப்பு நடத்தி வளையல் போட்டது. குழந்தை வெளியே வந்த நாளோடு அந்தக் கவனம் முழுக்கத் தொட்டிலுக்கு மாறிவிடுகிறது.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992 முதல் கொண்டாடுகிறார்கள். தாய்ப்பாலின் மேன்மை பற்றி இந்த வாரத்தில் எல்லாப் பத்திரிகைகளும் எழுதும். சுவரொட்டிகளில் கொழுகொழு குழந்தை சிரிக்கும். அந்தப் பாலைக் கொடுக்கிறவள் இளைத்துக்கொண்டே போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசலாம் என்று தோன்றியது. நமக்கு வரும் கடிதங்களில் இது அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை: "கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இப்போ குறைஞ்சுட்டேன். பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு தொங்குது. பால் கொடுத்தா அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா அப்படித்தானா?"

பாதி நிஜம். மீதிப் பாதியைக் கவனிக்காமல் விடுவதால்தான் சிக்கல் வருகிறது.

இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் கூடுதல் எடை உள்ளவர்கள். தேவைக்குக் குறைவான எடை உள்ளவர்கள் 100க்கு 12 அல்லது 13 பேர். பிரசவத்துக்குப் பின் தொப்பையைக் குறைப்பது எப்படி என்று தேடுகிறவர்கள் மத்தியில், நான் ஏறவே மாட்டேன் என்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், "நீ கொடுத்து வெச்சவ" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் அவள் என்ன சொல்வாள்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரசவத்தன்றே பிள்ளை, நஞ்சு, பனிக்குட நீர், ரத்தம் எல்லாமாக ஏறக்குறைய 6 கிலோ குறையும். அடுத்த சில வாரங்களில் உடம்பில் தேங்கிய நீர் வடிந்து இன்னும் 2, 3 கிலோ. அதன் பிறகு பால் கொடுக்கும் மாதங்களில் மாதத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை இறங்குவது இயல்பு. கர்ப்பத்தில் சேர்த்து வைத்த கொழுப்பு அதற்குத்தான். முதல் மாதம் கழிந்த பிறகும் மாதம் 2 கிலோவுக்கு மேல் இறங்கினால் அது இயல்பில் சேராது. கர்ப்பத்துக்கு முந்தைய எடையையும் தாண்டிக் கீழே போனால் நிச்சயம் சேராது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 44 கிலோவைத் தொட்டாலே குறை எடை என்றுதான் மருத்துவக் கணக்கு சொல்லும்.

பால் ஊறும் வேலை லேசான வேலை இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் போல ஊறுகிறது. அதற்காக முதல் ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 600 கலோரி வேண்டும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரி வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதை உட்கார்ந்து சாப்பிட ஒருத்திக்கு நேரம் இல்லையென்றால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் தேடியவர் நம் சேலத்துக்காரர். டாக்டர் சி. கோபாலன், 1918இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். இன்றைய ஹைதராபாத் நிறுவனம் அன்றைக்கு நீலகிரியில், குன்னூரில் இருந்தது. பெரிபெரி நோயை ஆராய 1918இல் ராபர்ட் மெக்கரிசன் ஒரு சிறு அறையில் தொடங்கியது அது. அங்கே கோபாலனும் அவரோடு இருந்தவர்களும் ஏழைத் தாய்மாரின் பாலை அளந்து, பகுத்துப் பார்த்தார்கள். 1950களின் கடைசியில் அந்தக் கட்டுரைகள் வெளிவந்தன. அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கும் பெண்ணின் பால் தண்ணீராகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். அப்படி இல்லை. புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் வசதியான வீட்டுத் தாயின் பாலில் இருப்பதற்குப் பெரிய அளவில் குறையவில்லை. வைட்டமின்கள்தான் அவள் சாப்பிட்டதைப் பொறுத்துக் குறைந்திருந்தன. பின்னாளில் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக் கிராமம் ஒன்றில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பால் கூடவில்லை. தாயின் எடைதான் ஏறியது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பால் கிட்டத்தட்ட எப்படியும் வந்துவிடும்; அதற்கான விலையை அவள் உடம்பு கொடுக்கும். சாப்பாட்டிலிருந்து கிடைக்காததைத் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் பால் கொடுத்தால் எலும்பின் அடர்த்தியில் 3 முதல் 5 சதவீதம் தற்காலிகமாகக் குறைகிறது, பால் மறந்த பிறகு மீண்டு வருகிறது என்பதும் இன்று தெரிந்த விஷயம். அதனால் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதை வைத்து அம்மா நன்றாக இருக்கிறாள் என்று முடிவு கட்டக் கூடாது. "நீ ஒல்லியா இருக்க, உன் பால்ல சத்து இருக்காது, புட்டிப்பால் கொடு" என்று சொல்லும் அத்தைமாருக்கும் கோபாலன் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்.

இனி பத்தியத்துக்கு வருவோம். இதில் நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல நிறைய உண்டு.

கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளைக் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவில் புட்டு செய்து கொடுக்காத வீடு அபூர்வம். மஞ்சள் போட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் கிளறி, நல்லெண்ணெய் விட்டு இறக்குவார்கள். சாப்பிட்ட யாரும் அதன் மணத்தை மறக்க மாட்டார்கள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பது, கருவாட்டுக் குழம்பு, சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய பிரசவ லேகியம் என்று நீளும் வரிசையில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. 2015இல் அரசு கொடுக்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில்கூட சௌபாக்கிய சுண்டி லேகியம் சேர்ந்திருந்தது. சுறாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பெரிய சுறாக்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது பாலுக்கும் வரும். எப்போதாவது சின்னச் சுறா சமைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வாரம் இரண்டு மூன்று நாள் நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று சிறுமீனாக வாங்கினால் காசும் மிச்சம், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

நம் பத்தியத்தில் கொடுப்பதைவிட மறுப்பதுதான் அதிகம் என்பதே என் குறை. பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைத் தம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பழம் கூடாது, சளி பிடிக்கும். கீரை கூடாது, பிள்ளைக்குப் பேதி போகும். தயிர் கூடாது. பருப்பு வாயு. ராத்திரி சோறு கூடாது, இட்லி மட்டும், அதுவும் ஏழு மணிக்குள். எண்ணிப் பார்த்தால் நாள் முழுக்க அவள் உள்ளே போட்டது 1,200 கலோரிகூடத் தேறாது. சிசேரியன் ஆன பெண்ணுக்கு இன்னும் மோசம். தையல் சீழ் பிடிக்கும் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்துகிறார்கள். புண் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும் என்பதை யார் போய்ச் சொல்வது? மாமியாரை வில்லியாக்க நான் வரவில்லை. அவர்களும் அப்படித்தான் பெற்று எழுந்தார்கள். தெரிந்ததை அக்கறையோடு செய்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நாற்பது நாள் படுக்கையும், சுற்றிலும் நாலு பெண்களும் இருந்தார்கள். இப்போது பத்தியம் மட்டும் இருக்கிறது, படுக்கை இல்லை. பண்ருட்டிப் பக்கம் மூன்றாம் மாதமே முந்திரி உடைக்க உட்கார்ந்துவிடுகிறாள். காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவு தொடங்கிவிட்டால் இடுப்பு வலியைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை. துறைமுகத்தில் கூடை தூக்கும் பெண்களுக்கு விடுப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. அரசு ஊழியருக்கு 12 மாதம், கம்பெனிப் பெண்ணுக்கு 26 வாரம் என்று சட்டம் சொல்லும் அதே மாநிலத்தில்தான் இதுவும்.

600 கலோரி என்றால் பெரிய விருந்து இல்லை. ஒரு கை வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கடலை உருண்டை. அவ்வளவுதான். சைவம் என்றால் முட்டைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். பால் கொடுக்க உட்காரும் இடத்தில் கையெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு டப்பா பொட்டுக்கடலையும் இருந்தால் போதும், பாதிக் கணக்கு தானாக நேராகிவிடும். அங்கன்வாடியில் பிரசவமான ஆறு மாதம் வரை தாய்க்கென்று சத்துமாவு தருகிறார்கள். அதைக் கொழுக்கட்டையாகப் பிடித்து வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது நமக்குத் தெரியாத ரகசியம் அல்ல. அது அவளுக்கு வந்தது. அவள் சாப்பிடட்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருவதும் இதே நினைப்பில்தான்.

சரி, நன்றாகச் சாப்பிடுகிறாள், அதுவும் பசி தாங்காமல் சாப்பிடுகிறாள். இருந்தும் இளைக்கிறாள். அப்போது?

அப்போது கழுத்துப் பக்கம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பிள்ளையை அந்நியமாக எண்ணித் தாக்கிவிடாமலிருக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடங்கியிருக்கும். பிரசவத்துக்குப் பின் அது வேகமாக மீண்டெழும்போது சிலருக்குத் தைராய்டு சுரப்பியையே தாக்கிவிடுகிறது. சுரப்பியில் சேர்ந்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, எரிச்சல் வரும், எடை இறங்கும். இது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கி, பிறகு பலருக்கு நேரெதிராகத் திரும்பும்: அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல், எடை ஏறுதல். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது. சிலருக்கு மாத்திரை தொடர வேண்டிவரும். 100 தாய்மாரில் ஏறக்குறைய 5 பேருக்கு இது வருகிறது. 1948இலேயே நியூசிலாந்தில் ராபர்ட்டன் என்ற மருத்துவர், பிரசவத்துக்குப் பின் சோர்ந்து கிடந்த பெண்கள் தைராய்டு மருந்தில் தேறியதைக் கவனித்து எழுதினார். இது ஒரு தனி நோயாக வகைப்பட்டது 1970களில், ஜப்பான் மருத்துவர்களால்.

இங்கே நம் வழக்கம் ஒன்று நோயை நன்றாக மறைத்துவிடுகிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறோம். தைராய்டு கொட்டுவதும் அதே மாதங்களில்தான். "எங்க வீட்ல இருந்தவரை மூக்கும் முழியுமா இருந்தா. இங்க வந்து வத்திப் போயிட்டாளே, சோறு போடறாங்களா இல்லையா?" என்று பிறந்த வீடு கேட்கும். "வந்த நாள்லேர்ந்து எரிஞ்சு எரிஞ்சு விழறா, இருக்கப் பிடிக்கலபோல" என்று புகுந்த வீடு சொல்லும். சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றே போன குடும்பங்கள் உண்டு. இதில் எத்தனை சண்டை ஒரு ரத்தப் பரிசோதனையில் தீர்ந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

டி.எஸ்.ஹெச். பரிசோதனைதான் முதல் படி. அதோடு ஒன்றை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இது சுரப்பி வீங்கிக் கொட்டுவதா, அல்லது கிரேவ்ஸ் என்ற, சுரப்பி ஓயாமல் சுரக்கும் நோயா? முதலாவதற்குத் தைராய்டைக் குறைக்கும் மாத்திரை வேலை செய்யாது. படபடப்புக்கு மட்டும் மருந்து கொடுத்துக் காத்திருப்பார்கள். இரண்டாவதற்கு மாத்திரை வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ரத்தத்திலேயே பரிசோதனை இருக்கிறது. கதிரியக்க ஸ்கேன் எழுதினால், நான் பால் கொடுக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள். தைராய்டுக்கான வழக்கமான மாத்திரைகளுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அளவை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

காசநோயைச் சொல்லாமல் விட முடியாது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் அது வெளிப்படும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிடச் சுமார் இரு மடங்கு என்று 2012இல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ராத்திரி வேர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பசியின்மை. எல்லாவற்றையும் பிரசவ அசதி என்று தள்ளிவிடுவது சுலபம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் மாதங்களில் உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. "பிள்ளையைப் பிரிச்சிடுவாங்களோ" என்ற பயத்திலேயே பல பெண்கள் போவதில்லை. ஒரு காலத்தில் பிரித்தார்கள், சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அதை மாற்றியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். 1956இல் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளியாகி உலகமே அந்த வழிக்கு மாறியது. இன்றைக்குக் காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். சளியில் கிருமி இருக்கும் வரை முகக்கவசம் அணிய வேண்டும், பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து இளைத்தால் உடனே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இன்னொன்று, பசியே எடுக்காமல், பிள்ளை அழுதாலும் எழுந்திருக்க மனமில்லாமல், காரணமில்லாமல் கண்ணீர் வந்துகொண்டிருந்தால் அதுவும் சிகிச்சைக்குரியதுதான். "திமிர்" என்று வீட்டில் அதற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு காமராஜ் மருத்துவமனை, அண்ணாமலை நகரில் நாம் இன்னும் ராஜா முத்தையா என்றே சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போகும்போது கர்ப்பகால அட்டையை எடுத்துப் போங்கள். அதில் உங்கள் பழைய எடை மாதவாரியாக இருக்கிறது. மருத்துவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பிள்ளைக்கு ஊசி போடப் போகும் ஒன்றரை, இரண்டரை, மூன்றரையாம் மாதங்களில் நீங்களும் ஒரு தடவை எடைக் கருவியில் ஏறி, அந்த எண்ணைப் பிள்ளையின் எண்ணுக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். செவிலியர் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பத்தியத்தில் எதைக் கொடுத்தார்கள், எதை மறுத்தார்கள், எந்த மாதம் வரை என்று எழுதி அனுப்புங்கள். கடற்கரைப் பக்கம் ஒன்று, நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் வேறொன்று என்று இருக்கும். ஊட்டச்சத்து தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று கேட்டுப் போடுகிறோம். மனைவிக்குப் பத்தியம் சமைத்துப் போட்ட கணவர்கள் எழுதினால் அவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கு இதுவரை இடப் பற்றாக்குறை வந்ததில்லை.

அன்புடன்,
ஆசிரியர்